கெட்டியாகவும் பசி தாங்குவதாகவும் பாயசம் போல ருசிப்பதாகவும் ஒரு ஸ்மூத்தி செய்வது எப்படி?

தேவகோட்டையிலிருந்து தினமும் ஏழரை மணி பஸ்ஸில் காரைக்குடிக்கு வேலைக்குப் போகிறேன், காலையில் உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை, அதனால் ஸ்மூத்தி குடிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாழைப்பழம், அரை டம்ளர் பால், ஐந்தாறு ஐஸ் கட்டி, இரண்டு ஸ்பூன் ஓட்ஸ். அடித்தவுடன் நுரை பொங்கி நிற்கிறது, செருப்பு மாட்டுவதற்குள் தண்ணியாகிவிடுகிறது, பத்தரை மணிக்கெல்லாம் வயிறு கிள்ளுகிறது, ருசியும் கடமைக்குக் குடிப்பது போல இருக்கிறது. ஐஸ்கிரீமும் சர்க்கரையும் சேர்க்காமல் இதைப் பாயசம் சாப்பிட்ட மாதிரி ஆக்க முடியுமா என்பது உங்கள் கேள்வி. முடியும். ஆனால் நீங்கள் ஒரே மூச்சில் கேட்டதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கெட்டியாக வருவது ஒன்று, பசி தாங்குவது இன்னொன்று, இனிப்புப் பலகாரம் போல ருசிப்பது வேறொன்று. இந்த மூன்றையும் ஒரே பொருள் செய்துவிடும் என்று நினைத்து, சியா விதையோ புரதப் பவுடரோ ஒன்றை வாங்கிப் போட்டு, சரியாக வரவில்லை என்று விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் கல்லூரியில் மனையியல் படித்தவள். பதினான்கு வருடங்களாக, செட்டிநாட்டுப் பழைய வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக மாற்றிய இடத்தில் காலை உணவைப் பார்த்துக்கொள்கிறேன். வெளியூர், வெளிநாட்டு விருந்தினர் ஸ்மூத்தி கேட்பார்கள். ஆரம்பத்தில் நானும் பழம், பால், ஐஸ் என்றுதான் அடித்துக் கொடுத்தேன். பாதிக் கிளாஸ் அப்படியே திரும்பி வரும். அதைச் சரிசெய்ய எனக்கு உதவியது எங்கள் அப்பத்தா கும்மாயம் என்ற செட்டிநாட்டு உளுந்து இனிப்பைக் கிண்டிய முறைதான். அதனால் இந்தப் பதில் கொஞ்சம் அடுப்படிப் பக்கம் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு போன்றவை இருந்தால் அளவுகளை உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கெட்டித்தன்மை. உங்கள் டம்ளரில் கெட்டிப்படுத்தும் பொருள் என்று பார்த்தால் அந்த ஒரு வாழைப்பழம் மட்டும்தான். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். ஐஸ் முழுக்கவே தண்ணீர். அடித்தவுடன் கெட்டியாகத் தெரிந்தது மிக்ஸி உள்ளே அடைத்த காற்றும், இன்னும் உருகாத ஐஸ் துகளும். காற்று வெளியேறி ஐஸ் உருகியதும் உண்மையான பதம் வெளியே வந்துவிடுகிறது. அதிக நேரம் அடித்தால் கெட்டியாகும் என்று சிலர் இரண்டு மூன்று நிமிடம் ஓட்டுவார்கள். நுரைதான் கூடும், மிக்ஸி சூட்டில் ஐஸும் சீக்கிரம் உருகும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து போய்வரும் ஊர் நம்முடையது, பஞ்சாமிர்தத்தின் பதம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பஞ்சாமிர்தத்தில் மலைவாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், ஏலம், பேரீச்சை, கற்கண்டு எல்லாம் உண்டு, சேர்த்த தண்ணீர் மட்டும் கிடையாது. அதனால்தான் ஸ்பூனில் எடுத்தால் நிற்கிறது. ஸ்மூத்தி கெட்டியாக வேண்டுமென்றால் 'எதைச் சேர்க்கலாம்' என்பதற்கு முன்னால் 'எந்தத் தண்ணீரை நீக்கலாம்' என்று யோசியுங்கள்.

முதலில் நீக்க வேண்டியது ஐஸ். குளிர்ச்சி வேண்டுமென்றால் பழத்தையே உறையவையுங்கள். தோல் கறுத்துப் புள்ளி விழுந்த பழமாக எடுத்து, தோலை உரித்துவிட்டு அரை விரல் கனத்துக்கு வில்லை போட்டு, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் கல் மாதிரி ஆகிவிடும். பிறகு டப்பாவில் கொட்டி வைத்துக்கொள்ளலாம். தோலோடு வைத்துவிடாதீர்கள், மறுநாள் அதை உரிப்பதற்குள் பஸ் போய்விடும். உறைந்த வாழைப்பழம் ஐஸ் போல நொறுங்காமல் வெண்ணெய் மாதிரிக் குழையும். பழுத்த பழத்தில் இருக்கும் சர்க்கரை தண்ணீரைப் பெரிய படிகமாக உறையவிடாது, அதோடு பழத்தில் இருக்கும் பெக்டின் என்ற கெட்டிப்படுத்தும் சத்தும் நாரும் சேர்ந்து அந்தக் குழைவைக் கொடுக்கின்றன. காயாக இருந்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்காது, மாவு கரைத்த மாதிரி நாக்கில் நிற்கும், இனிப்பும் இருக்காது. புள்ளி விழுந்த பழம் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

எந்த வாழை என்பதும் முக்கியம். மொரிஸ் என்று விற்கும் பச்சைப்பழம் நன்றாகக் குழையும், ஆனால் தனி மணம் குறைவு, மற்ற பொருள்களுக்கு வழிவிட்டு நிற்கும். ரஸ்தாளியில் மணம் அதிகம், பாயச ருசிக்கு அதுதான் என் முதல் தேர்வு. பூவனில் லேசான புளிப்பு உண்டு, தயிர் சேர்த்துச் செய்தால் அது நன்றாகப் பொருந்தும். கற்பூரவள்ளி தேன் மாதிரி இனிக்கும், அது போட்டால் வேறு இனிப்பே வேண்டாம். நேந்திரம் நன்றாகக் கறுத்த பிறகுதான் இதற்கு உதவும். மலைவாழையை மிக்ஸியில் போட எனக்கு மனசு வருவதில்லை, அதை உரித்து அப்படியே சாப்பிட்டுவிடுங்கள்.

அடுத்தது பால். அரை லிட்டர் தயிரை வெள்ளைத் துணியில் கட்டி, ஒரு பாத்திரத்தின் மேல் வடிகட்டியில் வைத்து ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க விட்டால் தண்ணீர் இறங்கி ஏறக்குறைய பாதி அளவுக்குக் கட்டித் தயிர் கிடைக்கும். வடிந்த தண்ணீரைச் சப்பாத்தி மாவு பிசையவோ மோரில் சேர்க்கவோ வைத்துக்கொள்ளலாம். பாலின் இடத்தில் இந்தக் கட்டித் தயிரைப் போட்டாலே உங்கள் ஸ்மூத்தி பாதி சரியாகிவிடும். தயிர் ருசி பிடிக்காதென்றால் பாலைச் சுண்டக் காய்ச்சுங்கள். ஒரு டம்ளர் அரை டம்ளராகச் சுண்டினால் சர்க்கரை போடாமலே இனிப்பு தெரியும். பால் கோவா மணமும் லேசாக வரும். மதுரை ஜிகர்தண்டாவின் ருசிக்குப் பாதிக் காரணம் இந்தச் சுண்டிய பால்தான்.

மிக்ஸியைப் பற்றி ஒரு வார்த்தை. உறைந்த பழத்தைப் போட்டு ஓட்டினால் முதலில் கடகடவென்று சத்தம் வரும், பிறகு திடீரென்று சத்தம் மெலிந்து வெறுமனே விர்ரென்று சுற்றும். பழம் அரைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பிளேடைச் சுற்றிக் குழி விழுந்து, பழமெல்லாம் மேலே ஜாரின் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். நிறுத்தி, மூடியைத் திறந்து, மரக்கரண்டிக் காம்பால் கீழே தள்ளிவிட்டு, ஒரே ஒரு மேசைக்கரண்டி பால் ஊற்றி, விட்டுவிட்டு ஓட்டுங்கள். இந்த இடத்தில்தான் எல்லோரும் பொறுமை இழந்து அரை டம்ளர் பாலை ஊற்றிவிடுகிறார்கள். மூன்று தடவை தள்ளிவிட்டால் போதும், சத்தம் கனத்து, 'குபுக் குபுக்' என்று மெதுவாகப் புரள ஆரம்பிக்கும். அதுதான் பதம். ஒருவருக்கு மட்டும் என்றால் பெரிய ஜாரை விட சட்னி ஜாரில்தான் ஒழுங்காக அரையும். வில்லைகளை ஐந்து நிமிடம் முன்னதாக வெளியில் எடுத்து வைத்தால் மிக்ஸிக்கும் நல்லது.

இப்போது ஓட்ஸ். கடையில் வாங்கும் ஓட்ஸ் பெரும்பாலும் ஆவியில் வெந்து தட்டையானது, அதனால் பச்சையாகச் சாப்பிடுவதில் தவறில்லை. ஆனால் தண்ணீரை இழுத்துக்கொள்ள அதற்கு நேரம் வேண்டும். ஒரு நிமிடம் மிக்ஸியில் சுற்றினால் மரத்தூள் மாதிரி மிதக்கும், கெட்டிப்படுத்தாது. இரவே பாலில் ஊறவைத்தால் குழையும். எனக்கு ஓட்ஸை விட நம் வீட்டு மாவுகள் மேல்தான் நம்பிக்கை.

எந்த மாவானாலும் சூடு பட்டால்தான் அதிலுள்ள மாவுச்சத்து வீங்கித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஆறியதும் அந்தப் பிடி இன்னும் இறுகும். கூழும் களியும் ஆறினால் கெட்டியாவது அதனால்தான். எங்கள் வீட்டில் கும்மாய மாவுக்கு உளுந்து ஒரு பங்கு, பாசிப்பருப்பும் பச்சரிசியும் கால் கால் பங்கு. தனித்தனியாக, மணம் வந்து லேசாகச் சிவக்கும்வரை வறுத்து, ஆறவைத்து அரைத்துச் சலித்துக்கொள்வோம். கும்மாயம் கிண்டும்போது அதில் கருப்பட்டியும் நெய்யும் தாராளமாகப் போகும். அப்பத்தா ஈரக் கையால் தொட்டுப் பார்த்து, ஒட்டவில்லை என்றால்தான் இறக்குவார். ஸ்மூத்திக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். அந்த மாவில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் எட்டு பத்து நிமிடம் கிளறினால் வழவழவென்று கூழ் வரும். அந்த வழவழப்பு உளுந்தின் குணம், இட்லி மாவு பொங்கி நிற்பதில் அதற்கும் பங்கு உண்டு. இதை ஆறவைத்து டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். காலையில் உறைந்த பழத்தோடு இரண்டு குழிக்கரண்டி சேர்த்து அடித்துப் பாருங்கள், ஒரு மணி நேரம் ஆனாலும் பிரியாது. வறுத்த உளுந்தின் வாசனையும் ஸ்மூத்தியில் வந்து நிற்கும்.

இதில் இரண்டு இடத்தில் ஏமாறலாம். கூழை ருசி பார்த்த ஸ்பூனை மறுபடி டப்பாவில் விடாதீர்கள். எச்சிலில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி இருக்கிறது, காலையில் பார்த்தால் கூழ் நீர்த்திருக்கும். அப்பத்தா எச்சில் கரண்டி பட்டால் கத்துவார், காரணத்தை நான் கல்லூரியில்தான் படித்தேன். இரண்டாவது, முளைகட்டிய மாவு. முளைகட்டிய கேழ்வரகு சத்து என்று வாங்கிக் கூழ் காய்ச்சினால் எவ்வளவு போட்டாலும் கெட்டியாகாது. தானியம் முளைக்கும்போது அதே வகை நொதி உண்டாகி மாவுச்சத்தை வெட்டிவிடுகிறது. குழந்தைகளுக்குக் கூழ் தண்ணீராக, ஆனால் சத்தோடு இருக்கவேண்டும் என்பதற்காகவே முளைகட்டிய மாவைச் சேர்ப்பார்கள். உங்களுக்கு வேண்டியது நேர் எதிர், அதனால் சாதாரணக் கேழ்வரகு மாவை வாங்குங்கள். அதைக் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்து, உறைந்த வாழைப்பழம், ஊறிய பேரீச்சை, ஒரு ஸ்பூன் இனிப்பில்லாத கோகோ சேர்த்து அடித்தால் சாக்லேட் புட்டிங் மாதிரி இருக்கும். எங்கள் விடுதிக்கு வரும் குழந்தைகள் அதில் கேழ்வரகு இருப்பதையே கண்டுபிடித்ததில்லை.

ஆனால் நீங்கள் கேட்ட பாயச ருசிக்கு நான் சொல்வது கவுனி என்ற கறுப்பு அரிசிதான். பர்மாவில் வணிகம் செய்த நகரத்தார் கொண்டுவந்த அரிசி என்பார்கள். நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் கவுனி அரிசி இனிப்பைச் சாப்பிடாதவர் இருக்க முடியாது. அதன் தவிடோடு வரும் கறுப்பு நிறமி தண்ணீரில் இறங்கும், அதனால் கழுவிய பிறகு எட்டு மணி நேரமாவது ஊறவைத்து, ஊறிய தண்ணீரிலேயே வேகவையுங்கள். ஒரு பங்கு அரிசிக்கு மூன்றரை, நான்கு பங்கு தண்ணீர், குக்கரில் ஆறேழு விசில். பருக்கை வெடித்து, விரலால் நசுக்கினால் நடுவில் கடினம் இல்லாமல் மசிய வேண்டும். இது வெந்தால் ஒட்டும் அரிசி, அந்த ஒட்டும் தன்மைதான் ஸ்மூத்தியில் உங்களுக்கு உதவுவது. வெந்ததைத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரீசருக்கு அனுப்பிவிடுங்கள். வெந்த சோறு நம் ஊர்ச் சூட்டில் நெடுநேரம் வெளியே கிடந்தால் அதில் வளரும் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது, இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம். நான் இட்லித் தட்டுக் குழியில் இரண்டிரண்டு கரண்டியாக நிரப்பி உறையவைப்பேன். ஒரு குழி ஒரு நாளைக்குச் சரியாக இருக்கும். அதை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் காலையில் இளகியிருக்கும்.

கவுனியை மிக்ஸியில் போடும்போது ஒரு ஜாக்கிரதை. பழமும் தயிரும் நன்றாக அரைந்த பிறகு, கடைசியில் சேர்த்து, இரண்டே சுற்று. நைசாக அரைக்கப் பார்த்தால் பசை மாதிரி இழுக்கும், டம்ளரிலிருந்து இறங்காது. பருக்கை அங்கங்கே பல்லில் பட வேண்டும். நிறம் கருநாவல் பழம் மாதிரி இருக்கும், பார்க்கவே அழகு. அந்த நிறமி ஆந்தோசயனின் வகை என்பது உறுதி. அதை வைத்து இந்த அரிசி அந்த நோயைத் தீர்க்கும், இந்த நோயைத் தடுக்கும் என்று பரப்பப்படுவதை எல்லாம் நம்பி வாங்காதீர்கள். தவிடு நீக்காத நல்ல அரிசி, ருசியான அரிசி. எனக்கு அது போதும்.

சப்ஜா, சியா, பாதாம் பிசின் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. சப்ஜா கால் மணி நேரத்தில் ஊறிவிடும். சியாவுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும், தன் எடையைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு தண்ணீரைப் பிடிக்கும், அதனால் கெட்டிப்படுத்துவது உண்மை. பாதாம் பிசினை இரவே ஊறவைக்க வேண்டும். வழுக்கும் துண்டுகளாக வாய்க்கு நன்றாக இருக்கும், ஆனால் ஸ்மூத்தியின் பதத்தைப் பெரிதாக மாற்றாது. எந்த விதையையும் உலர்ந்தபடி வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்காதீர்கள், உணவுக்குழாயில் வீங்கி அடைத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பப்பாளி, அன்னாசி போட்டுப் பால் சேர்த்தால் கொஞ்ச நேரத்தில் கசக்கும், பழத்தின் நொதி பால் புரதத்தை உடைப்பதால் வரும் கசப்பு அது. இந்த வேலைக்கு அவை வேண்டாம். சப்போட்டாவும் சீத்தாப்பழமும் அருமையாகக் குழையும்.

இனி பசி. இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள், கெட்டியாக இருந்தால் பசி தாங்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது பாதிதான் உண்மை. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 15 ஆண்களுக்கு 100 கலோரி, 500 கலோரி என்ற இரண்டு அளவில், கெட்டியாகவும் தண்ணியாகவும் பானம் கொடுத்து, வயிறு எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். வயிற்றில் நெடுநேரம் தங்கியதற்கு முக்கியக் காரணம் கலோரி. ஆனால் வயிறு நிறைந்த உணர்வு கெட்டியான பானத்தில்தான் கூடுதலாக இருந்தது, எந்த அளவுக்கு என்றால் 100 கலோரி கெட்டிப் பானம் 500 கலோரி தண்ணிப் பானத்தை விட நிறைவாகத் தோன்றியது. பதினைந்து பேரை வைத்துச் செய்த ஆய்வு, எல்லா ஆண்களும், அதனால் எல்லோருக்கும் அப்படியே பொருந்தும் என்று இழுக்கக் கூடாது. இருந்தாலும் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. வெறும் பழமும் சப்ஜாவும் போட்டுக் கெட்டியாக்கினால் ஒன்பது மணிவரை ராஜா மாதிரி இருப்பீர்கள், பத்தரைக்கு மறுபடி அதே கதை. உள்ளே சரக்கு இருக்க வேண்டும்.

சரக்கு என்றால் முதலில் புரதம். நீங்கள் போட்ட அரை டம்ளர் பாலில் மூன்று கிராம், பழத்தில் ஒரு கிராம், ஓட்ஸில் இரண்டு கிராம், மொத்தம் ஆறு கிராம்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்கிறது. அறுபது கிலோ எடை என்றால் ஐம்பது கிராம். ஒரு வேளை உணவாக இதைக் குடிக்கும்போது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வர வேண்டும். பவுடர் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. வறுத்த நிலக்கடலையில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 25 கிராம் புரதம், பொட்டுக்கடலையில் 20 கிராமுக்குக் கொஞ்சம் மேல். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது, பொடித்து அப்படியே சேர்க்கலாம், தண்ணீரையும் நன்றாக இழுக்கும். சட்னியில் அது என்ன வேலை செய்கிறதோ அதையேதான் இங்கேயும் செய்யும். நிலக்கடலையின் கொழுப்பு வயிறு காலியாவதை இன்னும் கொஞ்சம் தாமதப்படுத்தும். அதோடு, ஸ்மூத்தியைக் குடிக்காதீர்கள், ஸ்பூனால் சாப்பிடுங்கள். மெதுவாகச் சாப்பிட்டால் நிறைவு சீக்கிரம் வரும். ஸ்ட்ரா போட்டு இரண்டு நிமிடத்தில் இழுத்துவிட்டால் சாப்பிட்டதாகவே வயிற்றுக்குத் தோன்றாது.

ருசிக்கு வருகிறேன். குளிர்ந்த பொருளில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். உருகி வெதுவெதுப்பான ஐஸ்கிரீமை வாயில் வைத்துப் பாருங்கள், திகட்டும். அதே இனிப்புதான் உறைந்திருந்தபோது சரியாக இருந்தது. ஸ்மூத்தி சப்பென்று இருப்பதற்கு இதுவே முதல் காரணம். இனிப்பைக் கூட்டாமல் சரிசெய்ய வேண்டுமென்றால் மணத்தைக் கூட்ட வேண்டும். ஏலக்காயை அன்றன்றைக்குத் தட்டிப் போடுங்கள், டப்பாவில் கிடந்த பொடி வேண்டாம். தேங்காய்த் துருவலை வெறும் வாணலியில் பொன்னிறமாக வறுத்து ஒரு ஸ்பூன் சேருங்கள். கும்மாயக் கூழ் போட்டால் ஒரு சிட்டிகை சுக்குப் பொடி நன்றாக எடுத்துக் கொடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சிட்டிகை உப்பு. பாயசத்தில் நம் ஊர்ச் சமையல்காரர்கள் உப்பு போடுவது சும்மா இல்லை.

பாயச ருசி என்றதும் நெய் ஊற்றத் தோன்றும். நானும் ஊற்றினேன். முதன்முதலில் கவுனி ஸ்மூத்தி செய்த அன்று, இனிப்பில் நெய் இல்லாமல் எப்படி என்று ஒரு ஸ்பூன் உருக்கி விட்டு அடித்து, எட்டுக் கிண்ணங்களில் ஊற்றி மேசைக்கு அனுப்பினேன். மேசைக்குப் போவதற்குள் நெய் குளிரில் உறைந்து, கறுப்பு நிறத்தில் வெள்ளை வெள்ளையாக ரவை மாதிரி மிதந்தது. ஸ்பூனிலும் மேலண்ணத்திலும் மெழுகு போல ஒட்டியது. எல்லாக் கிண்ணமும் அப்படியே திரும்பி வந்தது. குளிர்ந்த பொருளில் நெய் கரையாது. நெய்யின் மணம் வேண்டுமென்றால் முந்திரியை நெய்யில் வறுத்து, கடைசியில் மேலே உடைத்துப் போடுங்கள். உள்ளே வெண்ணெய் போன்ற செழுமை வேண்டுமென்றால் ஊறவைத்த முந்திரியை நைசாக அரைத்துச் சேருங்கள், அது எந்தக் குளிரிலும் ஒட்டாது.

இனிப்புக்கு இரண்டு பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்து வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து அரைப்பது என் வழக்கம். கருப்பட்டி ருசிதான் வேண்டுமென்றால் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, மண் நீக்கிப் பாகாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தேக்கரண்டி போதும். ஆனால் கருப்பட்டி சர்க்கரை இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். அதில் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். ருசி வேறு, மணம் வேறு, இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் பெரிய வித்தியாசம் கிடையாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வாழைப்பழம், கவுனி, பேரீச்சை மூன்றும் சேர்ந்த கிண்ணத்தை நான் கொடுப்பதில்லை. கட்டித் தயிர், நிலக்கடலை, பாதிப் பழம் என்று மாற்றிக் கொடுப்பேன், அதையும் அவர்கள் சோதித்துப் பார்த்துத்தான் தொடர வேண்டும்.

உங்களுக்கு ஒரு நாள் அளவு இது. உறைந்த ரஸ்தாளி ஒன்று, கட்டித் தயிர் அரைக் கோப்பை, வெந்த கவுனி இட்லிக் குழி அளவு, பொட்டுக்கடலைப் பொடி இரண்டு மேசைக்கரண்டி, வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, ஊறிய பேரீச்சை இரண்டு, ஏலக்காய் ஒன்று, உப்பு ஒரு சிட்டிகை, பால் இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். முதலில் நிலக்கடலையை மட்டும் ஜாரில் பொடித்து, பேரீச்சை, தயிர், பொட்டுக்கடலை, ஏலம், உப்பு சேர்த்து விழுதாக்கி, பிறகு பழம், கடைசியில் கவுனி. மேலே வறுத்த தேங்காயும் முந்திரியும். ஏறக்குறைய பதினைந்து பதினாறு கிராம் புரதம் வரும், கலோரி நானூறைத் தாண்டும். இதைத் தோசைக்கு மேல் கூடுதலாகக் குடித்தால் எடை ஏறத்தான் செய்யும். காலை உணவே இதுதான் என்றால் சரியான அளவு. நார் நிறைய இருப்பதால் முதல் வாரம் பாதி அளவில் ஆரம்பியுங்கள், பழக்கமில்லாத வயிறு உப்பும்.

முதல் தடவை வேலை நாளில் செய்யாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை நிதானமாகச் செய்து பாருங்கள். கவுனி வேகவைப்பது, தயிர் கட்டுவது, பழம் உறையவைப்பது எல்லாம் அன்றைக்கே முடிந்துவிட்டால் மற்ற நாள்களில் மிக்ஸி வேலை ஐந்து நிமிடம்தான். பஸ்ஸில் எடுத்துப் போவதென்றால் அகன்ற வாய் எவர்சில்வர் ஃப்ளாஸ்க்கைத் திறந்தபடி கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு அதில் ஊற்றுங்கள். முந்திரியைத் தனியாகப் பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள், உள்ளேயே போட்டால் காரைக்குடி போவதற்குள் நமத்துவிடும். ஒன்பது மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள், மிச்சத்தை மத்தியானத்துக்கு வைக்காதீர்கள்.